ஹைடல்பெர்க்கின் மகள், வெர்சாயின் மருமகள்

வாசகர் கேள்வி – பதில்

பரோக் கால (பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு) ஐரோப்பிய அரசவைகளைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பெண்மணியைப் பற்றியவையாக இருந்தன. குடும்பத்தினர் லீசலோட்டே என்று அழைத்த இளவரசி எலிசபெத் சார்லொட்டேதான் அவர். ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரசவையைப் பற்றி எதைப் படித்தாலும் லீசலோட்டேயின் பெயர் வருகிறது. அவர் எந்த அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்?

பதில்: அக்கால ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. புனித ரோமானியப் பேரரசு என்ற பெயரின் கீழ் நூற்றுக்கணக்கான சிற்றரசுகளும், தனி நகரங்களும், ஆயர்களின் ஆட்சிப் பகுதிகளும் அடங்கியிருந்தன. அவற்றுள் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை பெற்ற மிகச் சிலவற்றுள் ஒன்று, ரைன் ஆற்றின் இரு கரைகளிலும் பரவியிருந்த பலாட்டினேட். அதன் தலைநகரான ஹைடல்பெர்க்கின் கோட்டையில் 1652 மே 27 அன்று லீசலோட்டே பிறந்தார். தந்தை பலாட்டினேட்டின் ஆட்சியாளர் கார்ல் லுட்விக், தாய் ஹெஸ்ஸே-காசெல் இளவரசி சார்லொட்டே. ஒரு வயது மூத்த அண்ணன் கார்ல்.

குடும்பத்தின் நிலைமை புரிய வேண்டுமானால் தந்தைவழித் தாத்தாவிலிருந்து தொடங்க வேண்டும். அவர், ஐந்தாம் ஃபிரெடெரிக், 1619 இல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) கிரீடத்தை ஏற்றுக்கொண்டு, மறு ஆண்டே வெள்ளை மலைப் போரில் தோற்று, நாட்டையும் கிரீடத்தையும் சேர்த்து இழந்தவர். ஒரே ஒரு குளிர்காலம் ஆண்டதால் 'குளிர்கால அரசர்' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. பாட்டி எலிசபெத் ஸ்டூவர்ட், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள். தி ஹேக் நகரில் நாடு கடந்து வாழ்ந்தபடி பிள்ளைகளை வளர்த்தவர். முப்பதாண்டுப் போரின் முடிவில், 1648 இன் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையின்படிதான் பலாட்டினேட்டின் ஒரு பகுதி கார்ல் லுட்விக்கிடம் திரும்ப வந்தது. திரும்ப வந்தது என்று சொன்னாலும், வயல்கள் தரிசாகி, ஊர்கள் ஆளற்றுக் கிடந்த நிலமே அவருக்குக் கிடைத்தது. அவர் வரிச்சலுகை தந்து வெளிநாட்டுக் குடிகளை வரவழைத்தார். சிதைந்து கிடந்த மன்ஹைம் நகரை மீண்டும் கட்டினார். லீசலோட்டே பிறந்த அதே 1652 இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தை மீண்டும் திறந்தார். 1673 இல் தத்துவ அறிஞர் ஸ்பினோசாவுக்கு அங்கே பேராசிரியர் பதவி தர முன்வந்தார் (ஸ்பினோசா மறுத்துவிட்டார்). இழந்ததைக் கட்டி எழுப்பும் இந்தக் கடும் உழைப்பின் நடுவே லீசலோட்டே வளர்ந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னாளில் அந்த நாடு எரிந்தபோது அவர் பட்ட வேதனையின் அளவு புரியும்.

கேள்வி: அவருடைய தந்தை, முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே வேறொரு பெண்ணை மணந்தார் என்பது உண்மையா? அது மகளை எப்படிப் பாதித்தது?

பதில்: உண்மைதான். கார்ல் லுட்விக்குக்கும் சார்லொட்டேவுக்கும் தொடக்கத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. மனைவியின் பணிப்பெண்களுள் ஒருவரான லூயிசே ஃபான் டேகன்ஃபெல்ட் மீது அவர் காதல் கொண்டார். சார்லொட்டே விலகிச் செல்ல மறுத்தபோதும், தாமே மணமுறிவை அறிவித்து, 1658 இல் லூயிசேயை மணந்தார். குல ஏற்றத்தாழ்வு காரணமாக, அதில் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஆட்சியுரிமை இல்லாத வகையைச் சேர்ந்த திருமணம் அது. சட்டப்படி தானே மனைவி என்று சொல்லிக்கொண்டு சார்லொட்டே சில ஆண்டுகள் அதே கோட்டையில் தங்கியிருந்தார். இறுதியில் காசெலுக்குத் திரும்பினார். லூயிசேக்குப் பதின்மூன்று குழந்தைகள் பிறந்தன. அவர்களுக்கு ராவ்கிராஃப் என்ற பட்டம் வழங்கப்பட்டது.

இந்தச் சண்டையிலிருந்து அகற்றுவதற்காகவே 1659 இல், ஏழு வயது லீசலோட்டே, ஹனோவரில் இருந்த அத்தை சோஃபியிடம் அனுப்பப்பட்டார். அங்கே கழிந்த நான்கு ஆண்டுகளே தன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான காலம் என்று அவர் கடைசிவரை எழுதினார். சோஃபி கூர்மையான அறிவும் நகைச்சுவையும் கொண்டவர், தத்துவ அறிஞர் லைப்னிட்ஸின் நெருங்கிய நண்பர். பெற்றோரிடம் கிடைக்காத நிதானத்தை லீசலோட்டே அவரிடம் பெற்றார். பேத்தியைப் பார்க்க ஆசைப்பட்ட பாட்டி எலிசபெத்தைக் காண, அத்தையுடன் தி ஹேக்குக்கும் பயணம் செய்தார்.

என்னை மிகவும் வியக்க வைப்பது அவர் தன் தந்தையின் இரண்டாம் குடும்பத்தை நடத்திய விதம்தான். தாயை வெளியேற்றிய பெண்ணின் பிள்ளைகள் என்று அவர்களை வெறுப்பதற்கு எல்லாக் காரணமும் அவருக்கு இருந்தது. ஆனால் அவர் அவர்களை உடன்பிறந்தவர்களாகவே ஏற்றுக்கொண்டார். 'கார்லுட்ஸ்' என்று செல்லமாக அழைத்த தம்பி கார்ல் லுட்விக் 1688 இல் கிரேக்கத்தில் துருக்கியருக்கு எதிரான போரில் இறந்தபோது அவர் அழுது தீர்த்தார். தங்கைகள் அமாலியே எலிசபெத்துக்கும் லூயிசேக்கும் எழுதிய கடிதங்களே இன்று நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் பெரும் பகுதி.

கேள்வி: சீர்திருத்தச் சபையை (புராட்டஸ்டன்ட் பிரிவு) சேர்ந்த ஓர் இளவரசியைக் கத்தோலிக்க பிரான்சுக்கு மணம் செய்து கொடுத்தது ஏன்? அவருடைய சம்மதத்தைக் கேட்டார்களா?

பதில்: கேட்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பிரான்சின் எல்லையை ஒட்டியிருந்த பலாட்டினேட்டுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் படைபலம் இல்லை. லூயியின் ஒரே தம்பி, ஓர்லெயான் கோமகன் ஃபிலிப், 1670 இல் மனைவியை இழந்திருந்தார். லீசலோட்டேயின் சித்தப்பா எட்வர்டின் விதவையும் பிரெஞ்சு அரசவையில் செல்வாக்குப் பெற்றவருமான அன்னா கொன்சாகா இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தார். மகள் பிரெஞ்சு அரச குடும்பத்தின் மருமகளாகிவிட்டால் பிரெஞ்சுப் படைகள் தன் நாட்டின் மீது பாயாது என்று கார்ல் லுட்விக் கணக்கிட்டார்.

1671 நவம்பரில் மெட்ஸ் நகரில், பத்தொன்பது வயது லீசலோட்டே கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்தார். அடுத்து, மணமகன் இல்லாமலே, அவருடைய பிரதிநிதியை வைத்துத் திருமணம் நடந்தது. சமயமாற்றம் தந்தைக்குத் தெரியாமல் நடந்ததுபோல வெளியே காட்டப்பட்டது. குடிமக்களின் சினத்துக்கு அஞ்சிய தந்தை அந்தப் பழியை மகளின் மீது விழவிட்டார் என்பதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. லீசலோட்டே பிற்காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டில் கலந்துகொண்டபடியே, தன் அறையில் ஜெர்மன் விவிலியத்தை வாசித்தும், சிறு வயதில் கற்ற துதிப்பாடல்களைப் பாடியும் வந்தார். 1685 இல் லூயி, ஹியூகனாட்டுகள் எனப்பட்ட பிரெஞ்சு சீர்திருத்தச் சபையினருக்கு வழிபாட்டுரிமை தந்த நாந்த் ஆணையை நீக்கி அவர்களைத் துன்புறுத்தியதை அவர் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

இந்தச் சமயமாற்றம் அவரிடமிருந்து பறித்த இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தின் அரியணை கத்தோலிக்கருக்குச் செல்லக் கூடாது என்று 1701 இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது, பாட்டி எலிசபெத் ஸ்டூவர்ட்டின் வழியில் அந்த உரிமை அத்தை சோஃபிக்குச் சென்றது. ஆனால் கார்ல் லுட்விக் சோஃபிக்கு மூத்தவர். ஆகவே லீசலோட்டே சீர்திருத்தச் சபையிலேயே இருந்திருந்தால், அத்தைக்கு முன்பாக அவருடைய பெயர்தான் நின்றிருக்கும். அதைப் பற்றி அவர் பொறாமைப்பட்டதில்லை. சோஃபி 1714 ஜூன் 8 அன்று, அங்கே ஆண்டுகொண்டிருந்த ராணி ஆன் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கும் குறைவான நாட்கள் இருக்கும்போது மறைந்தார்; சோஃபியின் மகன் மன்னர் முதலாம் ஜார்ஜ் ஆனார்.

கேள்வி: கணவர் ஃபிலிப்புக்கு ஆண்கள் மீதே நாட்டம் என்று படித்தேன். அந்த மணவாழ்க்கை எப்படி நடந்தது?

பதில்: ஃபிலிப் நகைகளையும் நறுமணங்களையும் அரசவைச் சடங்குகளையும் விரும்பியவர். கூடவே, 1677 இல் காசெல் என்னும் பிரெஞ்சு ஊருக்கு அருகில் ஆரஞ்சு இளவரசர் வில்லியமைத் தோற்கடித்த துணிச்சலான தளபதியும் அவரே. அந்த வெற்றிக்குப் பின் அண்ணன் லூயி அவரிடம் பெரிய படைத்தலைமை எதையும் தரவில்லை. லீசலோட்டேயோ குதிரையேற்றமும் வேட்டையும் பிடித்தவர், அலங்காரத்தில் அக்கறை இல்லாதவர், தன் தோற்றத்தைத் தானே கேலி செய்துகொள்பவர். தொடக்கத்தில் இருவரும் நட்பாகவே இருந்தனர்.

அவர்களுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. மூத்தவன் அலெக்சாந்தர் லூயி மூன்று வயதுகூட நிறையாமல் 1676 இல் இறந்தான். 1674 இல் ஃபிலிப்பும், 1676 இல் எலிசபெத் சார்லொத்தும் பிறந்தனர். மகள் பிறந்த பிறகு தனித்தனி அறைகளில் உறங்கலாம் என்று கணவர் சொன்னார். லீசலோட்டே அதை நிம்மதியோடு ஏற்றுக்கொண்டார். முதல் மனைவியின் இரண்டு மகள்களிடமும் அவர் அன்பாகவே நடந்துகொண்டார்.

துன்பம் வந்தது கணவரின் நாட்டத்தால் அன்று. கணவரின் பணத்தையும் செல்வாக்கையும் பங்கிட்டுக்கொண்ட ஷெவாலியே த லோரேன் முதலிய நண்பர்களால். அவர்கள் லீசலோட்டேயைப் பற்றி அவதூறு பரப்பி, அவருக்கு வேண்டிய பணியாளர்களை அகற்றச் செய்தனர். 1682 இல், மொபுயிசோன் மடத்தில் தலைவியாக இருந்த இன்னொரு அத்தை லூயிசே ஹொலண்டினேயிடம் சென்று தங்கிவிட அனுமதி வேண்டும் என்று அவர் லூயியிடம் மன்றாடினார். மன்னர் மறுத்துவிட்டார். அரச குடும்பத்துப் பெண் கணவரை விட்டு விலகுவது அரசவைக்கு இழுக்கு என்பதே அதற்குக் காரணம்.

கேள்வி: பலாட்டினேட் அழிந்ததற்கு லீசலோட்டேதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல. அவருடைய பெயர் பயன்படுத்தப்பட்டது. அவருடைய விருப்பம் ஒருபோதும் கேட்கப்படவில்லை.

தந்தை 1680 இல் இறந்தார். அண்ணன் கார்ல் பிள்ளையின்றி 1685 இல் இறந்ததும் ஆட்சி, பேரரசின் சட்டப்படி, கத்தோலிக்கக் கிளையான நொய்பர்க் குடும்பத்துக்குச் சென்றது. மண ஒப்பந்தத்தில் லீசலோட்டே ஆட்சி நிலத்தின் மீதான உரிமையைத் துறந்திருந்தார். ஆனாலும் தம்பி மனைவியின் பரம்பரைச் சொத்து என்ற பெயரில் லூயி பலாட்டினேட்டின் பகுதிகளைக் கோரினார். நாட்டைக் காப்பதற்கென்று நடத்திய திருமணமே அதன் மீது படையெடுக்கக் காரணமாகக் காட்டப்பட்டது. 1688 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை ரைன் பகுதிக்குள் நுழைந்தது. எதிரிகள் ஒன்று திரண்டதைக் கண்டதும், அவர்களுக்கு உணவோ தங்குமிடமோ கிடைக்காதபடி நாட்டையே பாழாக்கிவிடும் முடிவைப் போர் அமைச்சர் லூவுவா எடுத்தார். லூயி ஒப்புதல் தந்தார். 1689 மார்ச்சில் ஹைடல்பெர்க் கோட்டையின் பகுதிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தந்தை பார்த்துப் பார்த்துக் கட்டிய மன்ஹைம் தரைமட்டமாக்கப்பட்டது. மே மாத இறுதியில் ஸ்பையரும் வோர்ம்ஸும் எரிக்கப்பட்டன. ஸ்பையர் பேராலயத்தில் இருந்த பேரரசர்களின் கல்லறைகளும் தப்பவில்லை. 1693 இல் ஹைடல்பெர்க் இரண்டாம் முறை கைப்பற்றப்பட்டு எரிக்கப்பட்டபோது அதைக் கொண்டாட ஒரு பதக்கமே அச்சிடப்பட்டது.

இவை அனைத்தும் நடந்தபோது லீசலோட்டே, அந்த ஆணைகளைப் பிறப்பித்த மன்னருடன் ஒரே கூரையின் கீழ் இருந்தார். அவருடன் உணவு உண்டார். விழாக்களில் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. என் உயிரையே எடுத்தாலும் என் தாய்நாட்டின் அழிவுக்கு நானே காரணமாகிவிட்டேன் என்று அழாமல் இருக்க முடியவில்லை என்ற பொருள்பட, 1689 மார்ச்சில் சோஃபிக்கு எழுதினார். கண்ணயர்ந்த உடனே ஹைடல்பெர்க்கிலோ மன்ஹைமிலோ இருந்து அந்தப் பாழை நேரில் பார்ப்பதுபோல் தோன்றித் திடுக்கிட்டு எழுவதாகவும், பிறகு உறக்கம் வருவதில்லை என்றும் வேறொரு கடிதத்தில் சொல்கிறார். அவர் கண்ணீர் விடுவது அரசவையில் குறையாகவே பார்க்கப்பட்டது. 'காரணம்' என்ற சொல்லை அவர் தன் மீதே சுமத்திக்கொண்டது துயரத்தால்; அதையே பின்வந்தவர்கள் வரலாற்றுத் தீர்ப்பாகத் திரும்பச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி.

போர் 1697 இல் ரைஸ்விக் உடன்படிக்கையோடு முடிந்தது. அவர் ஹைடல்பெர்க்கை மீண்டும் பார்க்கவே இல்லை.

கேள்வி: மகனை அரசவையின் முன்னிலையில் அறைந்தாராமே?

பதில்: லூயிக்கும் மோந்தெஸ்பான் சீமாட்டிக்கும் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள் பிரான்சுவாஸ் மரியை, 1692 இல் லீசலோட்டேயின் மகன் ஃபிலிப்புக்கு மணமுடிக்க மன்னர் தீர்மானித்தார். பதினேழு வயது மகன் மறுக்கத் துணியாமல் சம்மதித்தான். மறுநாள் கையை முத்தமிட வந்த மகனை, பலரும் கேட்கும்படி தாய் கன்னத்தில் அறைந்தார் என்று அரசவையில் இருந்த சான் சிமோன் கோமகன் பதிவு செய்திருக்கிறார். குலத்தூய்மையில் லீசலோட்டேக்கு இருந்த பிடிவாதம் நம் காலத்துக்கு ஏற்புடையதன்று. ஆயினும், தன் திருமணத்தில் தனக்கு நடந்ததே மகனுக்கும் நடப்பதை அவர் அன்று கண்டார் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: அவர் எத்தனை கடிதங்கள் எழுதினார்? அவற்றை அப்படியே நம்பலாமா?

பதில்: வாழ்நாளில் சுமார் 60,000 கடிதங்கள் எழுதியிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது. வாரத்தின் இன்ன நாள் இன்னாருக்கு என்று வகுத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக எழுதுவார். ஹனோவரில் சோஃபி, பலாட்டினேட்டின் தங்கைகள், வேல்ஸ் இளவரசி கரோலின், சிறுவயதில் தன்னை வளர்த்த ஆசிரியை ஹார்லிங் அம்மையார், சில காலம் லைப்னிட்ஸ் எனப் பலருக்கும் அவை சென்றன. நெருங்கிய உறவினருக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். பேசுவதற்கு ஆள் கிடைக்காத அரசவையில் தாய்மொழி மறந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு எப்போதும் இருந்தது. அவர் எழுதும் ஜெர்மன், சொல்வதை வளைக்காமல் சொல்லும் வீட்டுப் பேச்சு. அக்காலத்து ஜெர்மன் உரைநடையில் அதற்கு இணையானது குறைவு.

அஞ்சல் அதிகாரிகள் கடிதங்களைப் பிரித்துப் படித்து, மொழிபெயர்த்து மன்னருக்குக் கொடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே, அமைச்சர்கள் படிக்கட்டும் என்றே சில வரிகளை எழுதினார். உண்மையிலேயே மறைக்க வேண்டியதை நம்பிக்கையான பயணிகளின் கையில் கொடுத்தனுப்பினார். ஆகவே கடிதம் எந்த வழியில் சென்றது என்பதைப் பொறுத்து அதன் பொருளும் மாறும்.

நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை, தான் கண்டதையும் உணர்ந்ததையும் சொல்லும் இடங்களில் அவரை முழுமையாக நம்புகிறேன். உணவு, குளிர், நோய், மருத்துவர்கள், நாய்கள், நாடகங்கள், பழங்கால நாணயச் சேகரிப்பு, நெடுநேரம் நின்றே கழிக்க வேண்டிய சடங்குகள் ஆகியவற்றை அவரைப்போல் எழுதியவர் இல்லை. 1693 இல் பெரியம்மை கண்டபோது அரசவை மருத்துவர்களின் வைத்தியத்தை மறுத்துப் பிழைத்தவர் அவர். இரத்தம் எடுத்தும் பேதி கொடுத்தும் ஆட்களை மெலிய வைக்கும் முறையைப் பற்றி அவர் சொன்னவை இன்றும் நியாயமாகவே படுகின்றன. ஆனால் வதந்திகளை அவர் ஆராயாமல் எழுதிவிடுவார். மன்னர் இரகசியமாக மணந்துகொண்ட மேந்தெனோன் சீமாட்டியைப் பற்றி அவர் எழுதிய கொலைப் பழிகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை. தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய திறமைக்குரிய மதிப்பைக்கூட லீசலோட்டே கொடுக்கவில்லை. அவர் மீது நான் எவ்வளவு மதிப்பு வைத்திருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

கேள்வி: கணவருக்குப் பின் அவருடைய நிலை என்ன? அவருடைய வாரிசுகள் யார்?

பதில்: ஃபிலிப் 1701 ஜூன் 9 அன்று சான் குளூ அரண்மனையில் இறந்தார். விதவையானவர் மடத்துக்கோ தனிக் கோட்டைக்கோ செல்ல வேண்டும் என்பது மண ஒப்பந்தத்தின் விதி. மேந்தெனோனிடம் மன்னிப்புக் கேட்டுச் சமாதானமான பிறகே அவர் அரசவையில் தொடர முடிந்தது. 1715 இல் லூயி இறந்து, ஐந்து வயதுச் சிறுவன் பதினைந்தாம் லூயி அரசனானபோது, லீசலோட்டேயின் மகன் ஃபிலிப் ஆட்சிப் பொறுப்பாளர் ஆனார். பிரான்சின் முதற்பெண்மணி என்ற இடம் அவருடைய தாய்க்கு வந்தது. மகனின் ஒழுங்கற்ற வாழ்க்கை அவரை வருத்தினாலும், அரசியலில் அவர் தலையிடவில்லை.

மகள் எலிசபெத் சார்லொத் 1698 இல் லோரேன் கோமகன் லெயோபோல்டை மணந்திருந்தார். 1722 அக்டோபரில் ரைம்ஸில் நடந்த முடிசூட்டு விழாவுக்கு, உடல்நலம் குன்றியிருந்தும் லீசலோட்டே பயணம் செய்தது, அங்கே வந்திருந்த அந்த மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பதற்காகவே. 1722 டிசம்பர் 8 அன்று சான் குளூவில் இறந்தார். பிரெஞ்சு மன்னர்களின் அடக்கத் தலமான சான் தெனியில் அடக்கம் செய்யப்பட்டார். மகன் மறு ஆண்டு டிசம்பரில் இறந்தார்.

மகள் வயிற்றுப் பேரன் ஃபிரான்ஸ் ஸ்டெஃபான், ஆஸ்திரியாவின் மரியா தெரேசாவை மணந்து புனித ரோமானியப் பேரரசர் ஆனார். அவர்களுடைய மகளும் பின்னாளில் பிரெஞ்சு அரசியானவருமான மரி அன்த்வானெத் லீசலோட்டேயின் கொள்ளுப்பேத்தி. மகன் வழியில் வந்தவர், 1830 முதல் 1848 வரை ஆண்ட பிரெஞ்சு மன்னர் லூயி ஃபிலிப்.

கேள்வி: இந்தக் கடிதங்களை முதன்முதலாகப் படிப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: அரசவையின் வம்புகள் நிறைந்த தொகுப்புகளே எளிதில் கிடைக்கும், ஆனால் அவற்றிலிருந்து தொடங்கினால் வசைச் சொற்களுக்குப் பெயர் பெற்ற ஒரு கிழவி மட்டுமே கண்ணில் படுவார். 1689 இல் சோஃபிக்கு எழுதியவற்றை முதலில் படியுங்கள். பிறகு, சோஃபியின் மறைவுக்குப் பின் தங்கை லூயிசேக்கு எழுதியவற்றுக்கு வாருங்கள். அவற்றில் பலாட்டினேட்டின் விளைச்சல் எப்படி, புதிய ஆட்சியில் சீர்திருத்தச் சபையினருக்குக் கொடுமை நடக்கிறதா, இன்ன தெருவில் இன்ன வீடு இன்னும் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறார். காலை ஐந்து மணிக்கு ஹைடல்பெர்க் மலையில் ரொட்டித் துண்டோடு செர்ரிப் பழம் தின்றதை அறுபது வயதைக் கடந்த பின்னும் மறக்காமல் எழுதுகிறார். அமாலியே எலிசபெத் 1709 இல் இறந்துவிட்டதால், பழைய ஹைடல்பெர்க்கைப் பற்றி அவர் மனம்விட்டுப் பேச எஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு லூயிசேதான். இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை அவருக்கு எழுதிக்கொண்டிருந்தார்.